கால்பந்து ரசிகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், சந்தா செலுத்தியும் செலுத்தாமலும் இப்பேரவைக்கு வருகை தந்திருக்கும் அன்பர்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம். சங்க விதிகளின்படி, முடிந்த பருவத்தின் நடவடிக்கைகளைத் தொகுத்து இவ்வறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு மாதந்தோறும் கூட வேண்டும். பெரும்பாலான மாதங்களில் கூடியது. நம் மைதானத்தில் நடந்த எல்லா ஆட்டங்களுக்கும் பதாகை கட்டப்பட்டது. வெளியூர் ஆட்டங்களுக்கு இருமுறை பேருந்து ஏற்பாடு செய்தோம். இரண்டாம் முறை பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. கிழிந்த முரசு பழுதுபார்க்கப்பட்டது. மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்கு மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது.

இனி, ஆண்டின் பெரும்பகுதியை விழுங்கிய விவகாரத்துக்கு வருகிறேன். பருவத்தின் பிற்பாதியில் நடந்த ஓர் ஆட்டத்தில், நம் இடப்புறத் தடுப்பாட்டக்காரர் எதிரணியின் விங்கர் (பக்கவாட்டுத் தாக்குதல் வீரர்) மீது சறுக்கிச் சென்று போட்ட டேக்கிள், அதாவது பந்தைப் பறிக்கும் பாய்ச்சல், எல்லோருக்கும் நினைவிருக்கும். இரு கால்களும் தரையை விட்டு எழும்பியிருந்தன. காலணியின் ஆணிகள் கணுக்காலுக்கு மேலே பட்டன. நடுவர் எச்சரிக்கையான மஞ்சள் அட்டையோடு நிறுத்திக்கொண்டார். அந்த இளைஞரைத் தூக்குப்படுக்கையில் வெளியே கொண்டுசென்றபோது நம் பகுதியிலிருந்து எழுந்த ஆரவாரத்தை நான் மறக்க முயன்றுகொண்டிருக்கிறேன். அடுத்த செயற்குழுவில், அது களத்தைவிட்டு வெளியேற்றும் சிவப்பு அட்டைக்குரிய ஃபவுல் என்றும், ஆரவாரம் செய்தது சங்கத்துக்கு அழகில்லை என்றும் கூறினேன். அன்றிலிருந்து நான் உண்மையான ரசிகன்தானா என்ற கேள்வி சங்கத்தின் நிரந்தர நிகழ்ச்சி நிரலாகிவிட்டது.

எனக்கு எதிராக வைக்கப்பட்ட வாதங்களை நேர்மையாகப் பதிவு செய்கிறேன். முதலாவது, அவர் பந்தைத்தான் முதலில் தொட்டார் என்பது. ஆட்ட விதிகளின் 12-ஆம் விதியை நான் அச்சிட்டுக் கொடுத்தும் பலர் படிக்கவில்லை என்று தெரிகிறது. கவனக்குறைவாக மோதினால் ஃபவுல் மட்டும். எதிராளிக்கு நேரக்கூடிய ஆபத்தைப் பொருட்படுத்தாமல் பாய்ந்தால் மஞ்சள். அளவுக்கு மீறிய விசையைப் பயன்படுத்தினாலோ எதிராளியின் உடலுக்கு ஆபத்து விளைவித்தாலோ சிவப்பு. முன்னாலிருந்து வந்தாலும், பக்கவாட்டில் வந்தாலும், பின்னாலிருந்து வந்தாலும் இதுவே அளவுகோல். பந்தை முதலில் தொட்டவருக்கு மன்னிப்பு உண்டு என்று அதில் எங்கும் இல்லை. இரண்டாவது வாதம், அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பது. நானும் அதை நம்புகிறேன். அவர் நல்ல பையன். ஆனால் நடுவர் எடைபோட வேண்டியது கால் வந்த விதத்தை. மனம் இருந்த விதத்தை அளக்க அவரிடம் கருவி கிடையாது. மூன்றாவது வாதத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது: போன மாதம் அவர்கள் நம் ஆளை அடித்தார்கள், இது அதற்குப் பதில் என்பது. அதற்குப் பதில் சொல்ல நான் முயலவில்லை.

இப்படிப்பட்ட கூச்சல்களில் மாதாமாதம் கூட்டம் கலைவதைக் கண்டுதான், என் சொந்தப் பொறுப்பில் டேக்கிள் பதிவேட்டைத் தொடங்கினேன். இது செயலாளரின் விளையாட்டுப் பொருள் என்று கேலி பேசியவர்களும் கேட்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சர்ச்சைக்குள்ளான ஒவ்வொரு டேக்கிளுக்கும் ஒரு பக்கம். ஓடிவந்த வேகம், கால் இருந்த உயரம், ஒரு காலா இரு காலா, பந்து எட்டும் தூரத்தில் இருந்ததா, ஆணிகள் எதிராளியின் மேல் பட்டனவா என்று கட்டங்கள் வரிசையாக வரும். மேற்சொன்ன மூன்று படிகளுள் எது என்பதை உறுப்பினர் குறித்துக் கையெழுத்திட வேண்டும். ஆட்டக்காரர் எந்த அணி என்ற கட்டம் பக்கத்தின் அடியில், எல்லாவற்றுக்கும் கடைசியாக இருக்கிறது. அந்தக் கட்டத்தை ஏன் கீழே வைத்தேன் என்பது நிரப்பத் தொடங்கிய சில வாரங்களிலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். சிலர் அதன்பின் நிரப்ப வராததற்குக் காரணமும் அதுவாக இருக்கலாம்.

காட்சியை முதலில் இயல்பான வேகத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது பதிவேட்டின் விதி. இதற்காக எழுந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமன்று. மெதுவாக ஓட்டினால் எந்த டேக்கிளும் கொலைவெறியாகத் தெரியும். கால் மெல்ல மெல்ல எலும்பை நோக்கி நகரும்போது, ஆட்டக்காரருக்கு யோசிக்க நெடுநேரம் இருந்தது போன்ற மயக்கம் உண்டாகும். இது என் கண்டுபிடிப்பு அன்று. 2018-இல் ஆட்ட விதிகளில் சேர்க்கப்பட்ட காணொளி உதவி நடுவர் முறையிலும், கால் எங்கே பட்டது என்பது போன்ற நேர்முகமான தகவல்களுக்குத்தான் மெதுவான ஓட்டம். தவற்றின் வலுவை அறிய இயல்பான வேகத்தையே பார்க்க வேண்டும். தொலைக்காட்சி எத்தனை கோணங்களில் எத்தனை முறை காட்டினாலும் நாம் அதைக் கடைப்பிடிக்கலாமே.

பழைய காட்சிகளையும் பதிவேட்டில் சேர்த்தோம், நம் அணி சம்பந்தப்படாத இடத்தில் கண் எவ்வளவு தெளிவாகிறது என்று பார்ப்பதற்காக. 1982 உலகக் கோப்பை அரையிறுதியில், செவில்யாவில், மேற்கு ஜெர்மனியின் கோல்காவலர் ஷூமாக்கர் பிரான்சின் பத்திஸ்தோன் மீது பாய்ந்த பாய்ச்சலுக்கு அட்டை மட்டுமில்லை, ஃபவுல்கூடக் கொடுக்கப்படவில்லை. கோல் கிக்கோடு, அதாவது பந்து ஷூமாக்கரின் அணிக்கே கொடுக்கப்பட்டு, ஆட்டம் தொடர்ந்தது. பத்திஸ்தோன் நினைவிழந்து கிடந்தார், பற்களும் போயின. இதற்குச் சிவப்பு என்று ஒருவர் விடாமல் எழுதினர். 2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் டி யோங் ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் மார்பில் உதைத்ததற்கு மஞ்சள் காட்டிய நடுவர் ஹோவர்ட் வெப், தம் பார்வை மறைக்கப்பட்டிருந்ததென்றும் அது சிவப்பாக இருந்திருக்க வேண்டுமென்றும் பின்னாளில் ஒப்புக்கொண்டார். இறுதி ஆட்டத்து நடுவரே ஒப்புக்கொள்ளும்போது, கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து பார்த்த நம் உறுப்பினர்கள் மட்டும் ஒருபோதும் தவறாகப் பார்ப்பதில்லை என்பது வியப்புக்குரியது.

பதிவேட்டில் மிகுந்த விவாதத்தைக் கிளப்பிய பக்கம் 2019 நவம்பரில் எவர்ட்டன் மைதானத்தில் நடந்த நிகழ்ச்சி. டாட்டன்ஹாமின் சன் ஹியுங் மின் பின்னாலிருந்து தட்டியதில் ஆந்த்ரே கோமெஸ் நிலைதடுமாறி, இன்னொருவருடன் மோதிக் கணுக்கால் முறிந்து விழுந்தார். முதலில் மஞ்சளை எடுத்த நடுவர், காயத்தின் கொடுமையைக் கண்டபின் சிவப்பைக் காட்டினார். சில நாள்களில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அச்சிவப்பை நீக்கிவிட்டது. டேக்கிளைத் தண்டிப்பதா, அதன் விளைவைத் தண்டிப்பதா என்ற கேள்விக்கு இதைவிடக் கூரிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. நம் தடுப்பாட்டக்காரரின் விஷயத்திலும் இதையே எனக்கு எதிராக ஓர் இளம் உறுப்பினர் திருப்பினார்: அந்த விங்கர் எழுந்து ஓடியிருந்தால் நீங்கள் சிவப்பு கேட்டிருப்பீர்களா என்று. நல்ல கேள்வி. அன்று இரவு மீண்டும் பார்த்தேன். விங்கர் எழுந்திருந்தாலும் அந்த இரு கால்கள் அப்படியேதான் வந்திருக்கும் என்பதால் என் குறிப்பை மாற்றவில்லை. ஆனாலும் தூக்குப்படுக்கை வராமலிருந்தால் நான் செயற்குழுவில் வாய் திறந்திருப்பேனா என்பது வேறு கேள்வி.

என் குறையையும் மறைக்கவில்லை. எதிரணியின் நடுக்கள வீரர் ஒருவருக்கு நான் சிவப்பு எழுதிய பக்கமும், இரண்டு வாரம் கழித்து நம் ஆட்டக்காரரின் அச்சு அசலான டேக்கிளுக்கு மஞ்சள் எழுதிய பக்கமும் என் கையெழுத்தோடு அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றைக் கிழித்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் ஆலோசனை கூறினார். கிழிக்கவில்லை.

அட்டை என்பதே இல்லாத காலத்தையும் இங்கே நினைக்கலாம். 1966 உலகக் கோப்பையில் போர்ச்சுகலுக்கு எதிராகப் பெலே மீண்டும் மீண்டும் வீழ்த்தப்பட்டார். மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்று விதியில் இடமில்லாததால் நொண்டியபடியே களத்தில் நின்றார். உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரரும், மஞ்சள், சிவப்பு அட்டைகளும் வந்தது 1970-இல்தான். அந்தக் காலத்து ஆட்டம்தான் ஆண்மையுள்ள ஆட்டம் என்று பேசும் மூத்த உறுப்பினர்கள், அன்று பெலேவைப் பார்க்கச் சீட்டு வாங்கியவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொன்னால் நன்றாயிருக்கும்.

இதற்கிடையில்தான் அந்தத் தீர்மானம் வந்தது. உண்மையான ரசிகர் யார் என்பதைச் சங்க விதிகளில் வரையறுக்க வேண்டும் என்றும், பொதுவெளியில் நம் ஆட்டக்காரரைக் குறைகூறுபவர் பொறுப்புகளில் இருக்கக்கூடாது என்றும் உறுப்பினர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். குறி யாருக்கு என்பது வெளிப்படை. சிறுவயது முதல் ஆதரித்திருக்க வேண்டும், ஒரு ஆட்டத்தையும் தவறவிடக் கூடாது, கடைசி விசிலுக்கு முன் எழுந்து போகக் கூடாது என்று பட்டியல் நீண்டது. 2002-இல் தம் கழகம் மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குப் பெயர அனுமதி கொடுக்கப்பட்டபோது, லண்டனின் விம்பிள்டன் கழகத்து ரசிகர்கள் அதன்பின் ஓடாமல் தாமே புதுக் கழகம் தொடங்கினார்கள். 2011-க்குள் அதைத் தொழில்முறை லீக்குக்கே கொண்டுசேர்த்தார்கள். 2021 ஏப்ரலில், பெருங்கழகங்கள் சில தமக்கென நடத்த நினைத்த ஐரோப்பிய சூப்பர் லீக் அறிவிக்கப்பட்டபோது, தத்தம் கழகத்தின் வாசலிலேயே நின்று ரசிகர்கள் எதிர்த்தார்கள். இரண்டே நாளில் அதில் சேர்ந்திருந்த ஆறு ஆங்கிலக் கழகங்களும் விலகின. இத்தீர்மானத்தின்படி இவர்கள் எல்லாரும் போலி ரசிகர்கள் ஆகிவிடுவார்கள் என்று என் குறிப்பில் எழுதினேன்.

குறிப்பைப் படிக்க வாய்ப்பு ஏற்படவில்லை. தீர்மானம் எடுத்துக்கொள்ளப்பட்ட நாளில் கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர்கள் வராமையால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. வராதவர்களில் தீர்மானத்தை எழுதியவரும் ஒருவர். வருகைப் பதிவையும் சந்தா நிலுவைப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஆர்வம் அன்று எனக்கு ஏற்பட்டது. உண்மையான ரசிகர் என்ற சொல்லைக் கூட்டங்களில் அதிகம் பயன்படுத்துவோரின் பெயர்கள் இரண்டாவது பட்டியலில் ஓரளவு நெருக்கமாகவே அமைந்திருந்தன. பெயர்களைப் படிக்கப் போவதில்லை. பட்டியல் பொருளாளரிடம் பார்வைக்கு உண்டு.

வரவு செலவைப் பொறுத்தவரை, வரவு எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவாகவும், செலவு எதிர்பார்த்ததை ஒட்டியும் இருந்தது. வித்தியாசம் சென்ற ஆண்டின் கையிருப்பிலிருந்து ஈடுசெய்யப்பட்டது. வராதவர்களுக்கான பேருந்துச் செலவு தனியே காட்டப்பட்டுள்ளது. பதிவேட்டுக்கான தாள், அச்சுச் செலவை நானே ஏற்றேன். அதைத் திரும்பப் பெறும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

கூட்டங்களைப் பொறுமையுடன் நடத்திய தலைவருக்கும், கணக்கைச் சரிபார்த்த தணிக்கையாளருக்கும், பதாகையை ஒவ்வொரு முறையும் கட்டி அவிழ்த்த இளைஞர்களுக்கும், முரசு அடித்தவருக்கும், அதைக் கிழித்தவருக்கும் நன்றி. காயமுற்ற விங்கருக்குச் சங்கத்தின் பெயரில் நலம் விசாரித்துக் கடிதம் எழுதினேன். செயற்குழுவின் ஒப்புதல் பெறவில்லை என்று ஆட்சேபம் வந்தது. அது சரியான ஆட்சேபம்தான். அவர் பதில் எழுதியிருக்கிறார். மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டாராம்.

வரும் ஆண்டுக்குப் பெரிய திட்டங்கள் எதையும் நான் முன்வைக்கவில்லை. ஒத்திவைக்கப்பட்ட தீர்மானம் விதிப்படி முதல் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். அதில் வாக்களிக்க நிலுவை இல்லாதவர்களுக்கே உரிமை உண்டு என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். செயலாளர் பொறுப்பும் இப்பேரவையோடு காலியாகிறது. மீண்டும் ஏற்கும்படி இதுவரை யாரும் என்னை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் யோசிக்கலாம் என்றிருக்கிறேன். வேறு யாரேனும் முன்வந்தால் சாவியையும் முத்திரையையும் இன்றே ஒப்படைப்பேன். பதிவேட்டில் இன்னும் வெற்றுப் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. அதுவும் சந்தா ரசீதுப் புத்தகமும் வாசலுக்கு அருகிலுள்ள மேசையில் வைக்கப்பட்டுள்ளன; கூட்டம் முடிந்து வெளியேற வேறு வழி இல்லை.

இவண்,
செயலாளர்