20ம் தேதிக்கு மேல படுத்துடுற வீட்டு நெட்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

காவேரிப்பட்டணம் பக்கத்துல இருந்து எழுதுறேன். எங்க வீட்டுல ஃபைபர் நெட் இருக்கு, 18 சதவீத ஜிஎஸ்டியோட சேர்த்து மாசாமாசம் கரெக்டா கட்டிடுறோம், பாக்கி வெச்சதே கிடையாது. ஆனா 20ம் தேதி தாண்டுனா போதும், நெட் படுத்துடுது. போன் பண்ணா "உங்க 300 ஜிபி முடிஞ்சிடுச்சுங்க, டாப்-அப் போட்டுக்கோங்க"ன்றாங்க. லைன் இழுக்க வந்தப்ப 100 எம்பிபிஎஸ் ஸ்பீடு, எவ்ளோ வேணா யூஸ் பண்ணலாம்னு தான் சொன்னாங்க, இந்த 300 பத்தி யாரும் வாயே தொறக்கல.

300னா நிறைய மாதிரி தான் தெரியும். எச்டி வீடியோ ஒரு மணி நேரம் ஓடுனா சுமார் 3 ஜிபி போயிடும், தினம் ரெண்டு மணி நேரம்னு வெச்சாலே மாசத்துக்கு 180 ஜிபி. எங்க வீட்டுல பெரியவன் பெங்களூர் கம்பெனி வேலைய வீட்டுல இருந்தே பாக்குறான், பொண்ணு நீட் கோச்சிங் ஆன்லைன்ல படிக்கிறா, அப்புறம் போன் போட்டோ பேக்கப், டிவி அப்டேட்னு நமக்குத் தெரியாமலே போறது வேற. லிமிட் முடிஞ்ச அன்னைக்கு பொண்ணோட கிளாஸ நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன், சார் போர்டுல இதயம் படம் போட்டு பாகம் குறிக்கிறாரு, இங்க படம் கொழகொழன்னு தெரியுது, ஒரு எழுத்து கூட படிக்க முடியல, அவர் குரலும் விட்டு விட்டு வருது. பையன் லேப்டாப்ப தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயி மொபைல் ஹாட்ஸ்பாட்ல மீட்டிங் பேசுறான், அதுலயும் தினசரி லிமிட் இருக்கு. இது படிப்பும் பொழப்பும் சார், பொழுதுபோக்கு இல்ல.

போன், நெட் கம்பெனிகள கண்காணிக்கிற மத்திய அமைப்பான டிராய் 2016லயே உத்தரவு போட்டிருக்கு. எவ்ளோ டேட்டா, அதுக்கப்புறம் என்ன ஸ்பீடுன்னு கஸ்டமருக்கு தெளிவா சொல்லணும், பாதி தீந்தா ஒரு அலர்ட், முழுசா தீந்தா ஒரு அலர்ட் அனுப்பணும், லிமிட் முடிஞ்சாலும் 512 கேபிபிஎஸ்க்கு, அதாவது சுமார் அரை எம்பிபிஎஸ்க்கு கீழ ஸ்பீட குறைக்கக்கூடாதுன்னு. எங்களுக்கு ஒரு அலர்ட் கூட வந்ததில்ல. அந்த 512ம் எந்த மூலைக்கு? 1 ஜிபி இறங்கவே நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும். 2023ல மத்திய அரசே பிராட்பேண்ட்னா குறைஞ்சது 2 எம்பிபிஎஸ் இருக்கணும்னு மாத்திடுச்சு, அப்ப லிமிட் முடிஞ்சவங்களுக்கும் அந்த 2 ஆச்சும் வர வேண்டாமா?

வேற கம்பெனிக்கு மாறுங்கன்னு சொல்லுவீங்க. கிருஷ்ணகிரி டவுன், ஓசூர்லன்னா நாலஞ்சு பேர் இருக்காங்க, எங்க தெருவுக்கு லைன் இழுத்திருக்கறது ஒருத்தர் தான், அதனால தான் இந்த அலட்சியம்னு நான் நினைக்கிறேன். 12,525 ஊராட்சிக்கும் ஃபைபர்னு அரசு கொண்டு வர்ற திட்டம் பஞ்சாயத்து ஆபீசோட நிக்காம வீடு வரைக்கும் வந்தா தான் எங்கள மாதிரி ஆளுங்களுக்கு வேற வழி கிடைக்கும்.

இதே கஷ்டம் இருக்குறவங்க வாய்ல மட்டும் சொல்லிட்டு விட்டுடாதீங்க. கம்பெனில கம்ப்ளைண்ட் பதிஞ்சு நம்பர் வாங்குங்க, சரி பண்ணலன்னா அதே கம்பெனியோட அப்பீல் அதாரிட்டிக்கு போகலாம், அதுக்கு பீஸ் கிடையாது. நானும் பதிஞ்சிருக்கேன். கம்பெனிக்காரங்க கிட்ட நான் கேக்கறது, மாச பில்லுல எவ்ளோ ஜிபி ஓடுச்சு, எந்த தேதில லிமிட் முடிஞ்சுதுன்னு தமிழ்ல போடுங்க, மிச்சம் இருந்தா அடுத்த மாசத்துக்கு சேத்து விடுங்க. உங்க பத்திரிகைல இத போட்டு அதிகாரிங்க கவனத்துக்கு கொண்டு போகணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்