ஏப்ரல் 15, ஹில்ஸ்பரோ நினைவு நாள்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

1989 ஏப்ரல் 15 அன்று, ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் மோதிய இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து அரையிறுதியில், நின்று பார்க்கும் பகுதியில் ஏற்பட்ட நெரிசலால் 97 ரசிகர்களை இழந்தோம். ஆட்டம் நிறுத்தப்பட்ட பிற்பகல் 3.06 மணி, இந்திய நேரப்படி இரவு 7.36. எனவே அன்றிரவு 7 முதல் 8 மணி வரை அஞ்சலிச் செய்திகளைத் தவிர வேறெதையும் குழுவில் பதிவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

அந்த நாட்களில் லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டு புல்தரையில் பாதி மலர்களால் மூடிக் கிடந்தது. அடுத்த சனிக்கிழமை, களத்தில் பரம வைரிகளான அதே நகரத்து எவர்ட்டன் அணியின் ரசிகர்களும் கைகொடுக்க, இரு அணிகளின் மைதானங்களுக்கும் இடையே சிவப்பும் நீலமுமான கழுத்துத் துண்டுகளை ஒன்றோடொன்று முடிந்து நீட்டினார்கள். மிலானில் ஏசி மிலான் - ரியல் மாட்ரிட் ஆட்டம் மௌன அஞ்சலிக்காக நிறுத்தப்பட்டபோது, இத்தாலிய ரசிகர்கள் லிவர்பூலின் பாடலைப் பாடினார்கள். அஞ்சலி என்றால் இதுவல்லவா!

பழி பல ஆண்டுகள் ரசிகர்கள் மீதே சுமத்தப்பட்டது. குடும்பத்தினர் விடாமல் போராடியதால், உயிரிழந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், ரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணமல்ல என்றும் 2016இல்தான் மரண விசாரணை நடுவர்கள் தீர்ப்பளித்தனர். ஆகவே அந்தப் பழியை மீண்டும் கிளப்பும் பதிவுகளும், வேலியோரம் நசுங்கியவர்களின் படங்களும் எந்த நாளிலும் உடனே நீக்கப்படும்.

— குழு நிர்வாகிகள்