அப்பாவுக்கு, தோட்டத்து ரயில் பற்றி

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? தோட்டத்தில் ரயில் விடப்போகிறோம் என்று போனில் சொன்னதும் நீங்கள் சிரித்த சிரிப்பில் மேற்கொண்டு எதுவும் பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். காலமெல்லாம் தண்டவாளத்தோடு மாரடித்தவருக்கு இது பொம்மை விளையாட்டாகத்தான் தெரியும். ஆனால் எஞ்சினைப் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதற்குள் கோடையே முடிந்துவிட்டது. அதுவரை நாங்கள் பார்த்தது முழுக்க, பாதையைச் சீர்படுத்தும் கேங்மேன் வேலை.

முதலில் அளவு. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 45 மில்லிமீட்டர். நியூரம்பெர்க்கில் இருந்த லேமன் என்ற பொம்மைக் கம்பெனி 1968-இல் எல்ஜிபி என்ற பெயரில் கொண்டுவந்தது இது. மழையிலும் வெயிலிலும் வெளியிலேயே கிடக்கலாம். நிஜ ரயிலில் 22.5-இல் ஒரு பங்கு. இப்போது கணக்குப் போடுங்கள்: ஒரு மீட்டரை, அதாவது 1000 மில்லிமீட்டரை, 22.5-ஆல் வகுத்தால் 44 சொச்சம். ஆமாம் அப்பா, மீட்டர் கேஜ்! அங்கே அகலப்பாதையாக மாற்றிப் பிடுங்கிப்போட்ட அதே மீட்டர் கேஜ். இந்த ஜெர்மனியில் ஹார்ஸ் மலையில் இன்னும் நிஜ மீட்டர் கேஜிலேயே நீராவி எஞ்சின் ஓடுகிறது. 1,141 மீட்டர் உயர ப்ரோக்கன் சிகரத்தின் உச்சி வரைக்கும் ஏறுகிறது. நீங்கள் வரும்போது முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன்.

சரி, தோட்டத்துக்கு வருகிறேன். இந்த ஊர் மண்ணின் குணம் உங்களுக்குப் பழக்கமில்லாதது. குளிர்காலத்தில் தரை எழும்பும். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும் அல்லவா, அது மட்டுமில்லை. உறைகிற இடம் கீழேயிருக்கும் ஈரத்தையும் மேலே இழுத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் பனிக்கட்டி அடுக்கடுக்காகத் தடித்து மேலே இருப்பதைத் தூக்குகிறது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தூக்கினாலும் பரவாயில்லை. ஈரம் அதிகமான இடத்தில் அதிகம், காய்ந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்தை 80 சென்டிமீட்டராவது இறக்குவது இதற்காகத்தான். பொம்மை ரயிலுக்கு யார் அவ்வளவு தோண்டுவது?

சிலர் பாதை முழுக்க கான்கிரீட் பட்டை போடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கீழே ஆழம் இல்லாவிட்டால் அதுவும் வெடிக்கும். தவிர, அடுத்த வருஷம் வளைவைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று தோன்றினால் சம்மட்டி தேட வேண்டும். நாங்கள் உங்கள் வழிக்கே வந்தோம். ஒரு சாண் ஆழத்துக்குக் கால்வாய் மாதிரி வெட்டி, தண்ணீர் இறங்கும் துணியை விரித்து, ஜல்லியைக் கொட்டி, அதன்மேல் தண்டவாளத்தைச் சும்மா கிடத்திவிட்டோம். எதிலும் முடுக்கவில்லை. தரை எழும்பினால் அதுவும் கூடவே எழும்பி, கூடவே இறங்கட்டும். ஜல்லியில் தண்ணீர் நிற்காததால் எழும்புவதும் குறைவு. கடையில் உருண்டைக் கூழாங்கல்லைக் காட்டினார்கள், பார்க்க அழகு. விளிம்பு இல்லாத கல், தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டையைப் பிடிக்குமா? உடைத்த பொடிக்கல்தான் வாங்கினேன். அப்பா சொல்லிக்கொடுத்ததா என்று உங்கள் மாப்பிள்ளை கேட்டார்.

தண்டவாளம் பித்தளை. வெயிலுக்கும் பனிக்கும் இடையில் 50 டிகிரி வித்தியாசம் வந்தால் 10 மீட்டர் நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கூடும். உங்கள் எஃகு அதே வித்தியாசத்துக்கு 6 மில்லிமீட்டர்தான் நீளும். ஆகவே தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஃபிஷ் பிளேட் மூட்டுகளில் இடைவெளி விடும் கவலை எனக்குத்தான் அதிகம்!

பனி உருகியதும் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு பாதை முழுக்க நடக்கிறேன். தாழ்ந்த இடத்தில் ஸ்லீப்பருக்கு அடியில் குச்சியால் ஜல்லியைத் தள்ளி பேக்கிங். முதுகுதான் போகிறது. நீங்கள் எப்படி அத்தனை வருஷம் வெயிலில் செய்தீர்கள்? இங்கே ஜூனில் இரவு ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. அதனால் வேலை முடிந்து வந்தும் நிதானமாகப் பார்க்க முடிகிறது.

நீங்கள் பார்க்காத ஒரு எதிரியும் உண்டு. அகழெலி. கறுப்பு வெல்வெட் மாதிரி ரோமம், கண் அரைகுறை, மண்ணுக்குள்ளேயே வாழ்க்கை. ராத்திரி வளை தோண்டி, காலையில் தண்டவாளத்துக்கு நடுவே ஒரு மண்மேடு எழுப்பி வைத்திருக்கும். அடிக்கவோ பிடிக்கவோ கூடாது, இங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. மேட்டை வாரிப்போட்டு மறுபடி பேக்கிங் செய்வதைத் தவிர வழியில்லை. புழு தேடி ஜல்லியைக் கிளறி வீசும் கரும்பறவைகள் தனிக் கதை.

மின்சாரம் தண்டவாளம் வழியாகப் போகிற முறையும் உண்டு, 24 வோல்ட்டுக்குள்தான், கை வைத்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் பித்தளை வெளியில் கிடந்தால் கறுக்கும், கறுத்தால் மின்சாரம் கடத்தாது, தினம் தேய்க்க வேண்டும். அதனால் எஞ்சினுக்குள்ளேயே பேட்டரி வைத்து ரிமோட்டில் ஓட்டுகிறோம். தண்டவாளம் கறுத்தால் கறுக்கட்டும்.

உங்கள் பேரனுக்கு நீளமான சுரங்கம் வேண்டுமாம். இரண்டு பக்கமிருந்தும் கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும், அதற்கு மேல் ஒரு அங்குலம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். உள்ளே பெட்டி கவிழ்ந்தால் யார் எடுப்பது? ஏற்றமும் 50-க்கு 1 தாண்டாமல் வைத்திருக்கிறேன். பையனுக்கு அதிலும் வருத்தம்.

இப்போது உங்களிடம் ஒரு சந்தேகம். வளைவின் ஆரம் 1.2 மீட்டர். நிஜ அளவில் 27 மீட்டர்! தலையில் கை வைத்துக்கொள்வீர்கள் என்று தெரியும், ஆனால் தோட்டம் அவ்வளவுதான். எஞ்சின் நொடிக்கு 37 சென்டிமீட்டர் போனால் அது நிஜத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர். இந்த வேகத்துக்கு வெளித்தண்டவாளத்தைத் தூக்க வேண்டுமா? தூக்கினால், நீளமான வண்டியை இழுக்கும்போது நடுப்பெட்டிகள் உள்பக்கமாகச் சாயுமே என்று யோசிக்கிறேன். மட்டமாகவே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். வண்டி தடம் மாற பாயின்ட் போடும் இடத்தையும் படமாக வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். தப்பு இருந்தால் சிவப்பு மையில் குறித்து அனுப்புங்கள், அம்மாவிடம் கொடுத்தால் தபாலில் போட்டுவிடுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்