அந்த மூடியைக் கீழே வையுங்கள்: நிப்பட் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் நிப்பட் (தட்டை மாதிரி எண்ணெயில் பொரிக்கும் பலகாரம்), முறுக்கு, மிக்சர் போட்டு விற்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

நான் வெளியாள் இல்லை. காவேரிப்பட்டணம் பக்கத்து ஊரில், அம்மா நிப்பட் தட்டிய கூலியில் படித்தவள். தட்டித் தட்டி அம்மாவின் விரல் ரேகை தேய்ந்துபோய், இன்றைக்கும் ரேஷன் கடை மிஷினில் கை வைத்தால் நாலு தடவை பீப் அடிக்கும். நான் வேதியியல் படித்து, எண்ணெய் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு பக்கமும் தெரிந்தவள் என்கிற உரிமையில் எழுதுகிறேன்.

போன ஆடியில் சொந்தக்காரர் ஒருவரின் நிப்பட் கம்பெனிக்குப் போயிருந்தேன். மாஸ்டர் புது டின்னை உடைத்து, முந்தின நாள் எண்ணெயின் மேலேயே ஊற்றினார். ஜன்னல் திட்டில் பேர் எழுதாத பிளாஸ்டிக் கவர் ஒன்று. அதிலிருந்து தண்ணி பாட்டில் மூடியால் வெள்ளைப் பொடியை மொண்டு சட்டியில் போட்டார்.

“என்னண்ணா இது?”

“ஆன்டிஆக்சிடன்ட்மா. சிக்கு வாடை வராது. ஒரு மாசத்துக்குக் கவலையில்ல.”

“அளவு?”

“டின்னுக்கு ஒரு மூடி. மழைக்காலம்னா ரெண்டு.”

காலி டின்னைத் திருப்பிப் பார்த்தேன். ஆன்டிஆக்சிடன்ட் 319 என்று அதிலேயே அச்சிட்டிருந்தது.

அந்த 319தான் டிபிஹெச்கியூ. எண்ணெய் காறுவதைத் தள்ளிப்போடும் செயற்கைப் பொருள். ஒரு கிலோ எண்ணெயில் 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. 15 கிலோ டின்னுக்குக் கணக்குப் போட்டால் 3 கிராம். அதை எண்ணெய் ஆலையே போட்டு அனுப்பியிருக்கிறது. மாஸ்டரின் மூடியைத் தலைதட்டி நிறுத்துப் பார்த்தேன், 4 கிராம். மழைக்காலத்து இரண்டு மூடி 8 கிராம். ஆலை போட்டது முழு 3 கிராம் என்றால் மொத்தம் 11. பேரில்லாத அந்தக் கவரில் இருந்தது டிபிஹெச்கியூவேதானா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதை ஏன் பெரிதாக்குகிறேன்? நம் பாக்கெட்டை அதிகம் தின்பது குழந்தைகள். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, ஆயுள் முழுக்கத் தினமும் சாப்பிட்டாலும் பாதகமில்லாத அளவு என்று உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம் வரை வைத்திருக்கிறது. 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாளைக்குப் பத்தரை மில்லிகிராம். 50 கிராம் நிப்பட் பாக்கெட்டில் கால் பங்கு எண்ணெய் என்று வையுங்கள். விதிப்படியான எண்ணெய் என்றால் இரண்டரை மில்லிகிராம்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை. மழைக்கால மூடிக் கணக்கில் ஒரே பாக்கெட்டில் 9 மில்லிகிராம். சூட்டில் கொஞ்சம் போய்விடும், இது மேலோட்டமான கணக்குதான், ஒரு நாள் தின்றதால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. ஆனால் அந்தப் பிள்ளை அதே நாளில் பிஸ்கட்டும் சிப்ஸும் தின்னும். நாளைக்கும் தின்னும்.

இந்தப் பொடியை விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. வாட்ஸ்அப்பில் அப்படி வருவதை நம்பாதீர்கள். இதன் வகையறாவில் பிஹெச்ஏ, பிஹெச்டி என்று இன்னும் இரண்டு உண்டு. பிஹெச்ஏவை அதிக அளவில் தின்ற எலிகளுக்கு முன்வயிற்றில் கட்டி வந்தது. அதை வைத்து, மனிதருக்கும் புற்றுநோய் தரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கும் 2பி பட்டியலில் அது இருக்கிறது. முன்வயிறு என்ற உறுப்பு மனிதருக்குக் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிஹெச்டியை அளவு மீறிக் கொடுத்தபோது எலிகளின் கல்லீரல் பெருத்தது, ரத்தம் உறையாமல் கசிந்தது. அதே பிஹெச்டி சேர்ந்த தீனியைத் தின்ற ஒருவகைச் சுண்டெலிகள் கூடுதல் நாள் வாழ்ந்ததாக 1960களில் வந்த ஆய்வும் இருக்கிறது. ஒரே பொருள்தான், அளவு மாறும்போது குணமும் மாறுகிறது. அதனால்தான் மூடியைக் கண்டு எனக்குப் பதறுகிறது.

பொடி செய்யும் வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெயில் காற்று படும்போது ஒரு கொழுப்பு மூலக்கூறு கெட்டு, பக்கத்திலிருப்பதையும் கெடுக்கும், அது அடுத்ததைக் கெடுக்கும். வைக்கோல் போரில் தீ பரவுகிற மாதிரி. ஆன்டிஆக்சிடன்ட் தன்னிடமுள்ள ஹைட்ரஜனைக் கொடுத்து அந்தச் சங்கிலியை நடுவில் அறுக்கிறது. பற்றும் முன்னால் இருந்தால் காப்பாற்றும். எரிந்து முடிந்த போரை அதனால் திருப்பித் தர முடியாது. நாலு நாள் சுட்ட எண்ணெயில் எத்தனை மூடி போட்டாலும் எண்ணெய் புதிதாகாது. பழைய எண்ணெயின் மேல் புதியதை ஊற்றுவது, எரிகிற போர் பக்கத்தில் புதுப் போர் அடுக்குவதுதான். மழைக்காலத்தில் நிப்பட் நமத்துப்போவதும் பூஞ்சணம் பிடிப்பதும் ஈரத்தால். அதற்கும் இந்தப் பொடிக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டாவது மூடி முழுக்க வீண். இன்னொரு சங்கதி: கேலேட் என்ற இன்னொரு வகை ஆன்டிஆக்சிடன்ட் பொடி, அதாவது 310 எண் போட்டது, இரும்புச் சட்டியில் பட்டால் கருநீலமாக நிறம் மாறும். பொடியில் பேர் இல்லாவிட்டால் இதையும் கண்டுபிடிக்க முடியாது.

நம் சரக்கு காறுவதற்குப் பெரிய காரணம் கடை வாசலில் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி வரை ஹைவே ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரிக் கவரில் சரம்சரமாக வெயிலில் தொங்குகிறதே, அந்த வெளிச்சமும் சூடும்தான் காறலை விரட்டி வரவழைக்கிறது. அம்மா போட்ட நிப்பட், மூடி இறுகிய தூக்கில் இருட்டு அலமாரியில் பதினைந்து நாள் வாடையில்லாமல் இருந்தது. எந்தப் பொடியும் இல்லை, தினமும் புது எண்ணெய், அவ்வளவுதான். மாவில் தாராளமாகப் போட்ட எள்ளிலும் காறலைத் தடுக்கும் சத்து உண்டு, நல்லெண்ணெய் லேசில் காறாததற்கு அதுதான் காரணம்.

நான் கேட்பது இவ்வளவுதான். டின்னில் 319 இருந்தால் மேலே எதையும் போடாதீர்கள். செக்கெண்ணெய் வாங்கி, சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் பேரும் எண்ணும் அச்சிட்ட உணவுத் தரப் பொடியைப் பில்லோடு வாங்கி, நகைக்கடைத் தராசு மாதிரி மில்லிகிராம் காட்டும் தராசில் நிறுத்துப் போடுங்கள். அதைப் பாக்கெட்டிலும் எழுதுங்கள், விதியும் அதைத்தான் கேட்கிறது. பொரித்த எண்ணெயில் கெட்ட பொருள், அதாவது போலார் காம்பவுண்ட், 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது. அதை அளக்கும் மீட்டர் தனி ஆளுக்கு விலை அதிகம். ஒரு ஊருக்கு ஒன்றாகச் சங்கத்தில் சேர்ந்து வாங்கலாம். வாங்கினால் லீவு நாளில் வந்து நானே கற்றுத் தருகிறேன், ஒரு டீ போதும்.

அந்த மாஸ்டரிடம் அன்றைக்கே கணக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத யாரும் சொல்லலியேம்மா” என்றார். கவரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, சட்டியை இறக்கச் சொல்லிப் பையனைக் கூப்பிட்டார்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணம் பக்கத்து நிப்பட்காரம்மா மகள்