பெயர்ப்பட்டியல் கொடுக்காத ஆசிரியையிடமிருந்து: வன்னியின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

குளத்து நீரை நம்பி வயல் செய்யும் வன்னிக் கிராமம் ஒன்றில் ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை தமிழும் வரலாறும் கற்பித்து வருகிறேன். சென்ற தவணையில் நடந்த ஒரு கூட்டத்தில், இடைநிலைப் பிள்ளைகள் கைமீறிப் போய்விட்டார்கள் என்று சொல்லப்பட்டு, ஒழுக்கக் குறைவான மாணவர்களின் பெயர்களை வகுப்புவாரியாக எழுதித் தருமாறு எங்களிடம் கேட்கப்பட்டது. நான் எழுதிக் கொடுக்கவில்லை. அதற்கான விளக்கத்தை வாய்மொழியாகச் சொல்ல அன்று இடம் கிடைக்காததால் இங்கு எழுதுகிறேன்.

கூட்டத்தில் சொல்லப்பட்டவை பொய்யல்ல. ஓர் ஆசிரியர் வெளியேறி மற்றவர் வருவதற்குள் மேசைகள் பறையாகிவிடுகின்றன. பக்கங்களை ஒட்ட வழித்து உச்சியில் மட்டும் முடி வளர்த்து வருபவனைக் கேட்டால், "சலூன் அண்ணா வெட்டிப்போட்டார் ரீச்சர்" என்று சிரிக்காமல் பதில் வருகிறது. சக மாணவியின் படத்தை ஒரு பாட்டோடு ஒட்டி ரிக்ரொக்கில் போட்டதும் நடந்தது; அதை விளையாட்டு என்று நான் ஒருநாளும் கொள்ளமாட்டேன்.

ஆனால் கடந்த மார்கழியில், ஏழாம் தரத்துப் பையன் ஒருவன் நாள்தோறும் இரண்டாம் பாடவேளையில் தூங்கி விழுந்துகொண்டிருந்தான். எழுப்பினால் முறைப்பான். ஒருநாள் கொப்பியைத் தூக்கி எறிந்தே விட்டான். குனிந்து எடுத்தபோது அதன் கடைசி ஒற்றையைப் பார்த்தேன்: திகதிவாரியாகக் கோடு போட்டு, யானை விரட்டும் வெடி எத்தனை கொளுத்தியது, எத்தனை மிச்சம் என்று கணக்கு எழுதியிருந்தான். நெல் கதிர் தள்ளிய வயலைக் காக்கத் தகப்பனோடு காவல் கொட்டிலில் இரவைக் கழித்துவிட்டு, வெடிக் கணக்கையும் தானே பார்த்துக்கொண்டு, விடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு வந்து அமர்ந்த பிள்ளை அவன். ஒரு கழித்தலும் பிழைக்காத அந்த ஒற்றைக்குச் சொந்தக்காரன் அந்தத் தவணைக் கணிதத்தில் பெற்ற புள்ளி 19. வீட்டில் பெரிய ஆளாக இருப்பவனை வகுப்பில் "டேய், எழும்படா" என்று நான் சின்னப் பிள்ளையாக்கியதில்தான் கொப்பி பறந்தது என்பது எனக்குப் பிந்தியே விளங்கியது.

எல்லாவற்றுக்கும் போரைக் காரணம் சொல்லும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. இவர்கள் 2009இல் போர் முடிந்தபின் பிறந்தவர்கள். பெற்றோரின் மௌனத்தினூடாக அது இவர்களையும் தொடுகிறது என்பது உண்மையே. ஆயினும் அதைவிட அண்மையில் நிகழ்ந்ததை நாம் மறந்துவிட்டோம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இவர்களிற் பலர் ஆரம்பப் பிரிவில் அப்போதுதான் கால் வைத்திருந்தார்கள். 2022இல் எரிபொருள் இல்லாமல் மீண்டும் நாட்கள் குறைந்தன. வரிசையில் நிற்கவும், தோற்றால் அழாமல் இருக்கவும், கையோங்காமல் சண்டை பிடிக்கவும் பிள்ளை பழகும் வயதில் வகுப்பே இருக்கவில்லை. அதன்பின் ஆறாம் தரத்துக்கு வந்ததும், ஒரே ஆசிரியரின் நிழலில் இருந்தவர்களை, பாடத்துக்கொரு முகமாக மாறும் நேரசூசிக்குள் தள்ளிவிடுகிறோம்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கும் சாதாரண தர வகுப்புகளுக்கும் இடையில் கிடக்கும் இந்த நான்கு ஆண்டுகளை யாரும் அளந்து பார்ப்பதில்லை. பெறுபேறு கேட்கப்படும் வகுப்புகளுக்கே அனுபவமுள்ளவர்கள் போகிறார்கள். எஞ்சிய பாடவேளைகள் எஞ்சியவர்களிடம் வருகின்றன. எங்கள் ஏழாம் தரம் ஒன்று ஒரே ஆண்டில் மூன்று வகுப்பாசிரியர்களைக் கண்டது. மூவரும் தூரத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள், இடமாற்றம் கிடைத்ததும் போனவர்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. வாடகை வீடே கிடைக்காத ஊரில் எப்படித் தங்குவது?

பிரம்பைத் திருப்பித் தந்தால் போதும் என்கிறார்கள் சில சக ஆசிரியர்கள். கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடுத்திருக்கிறது; அது இருக்கட்டும். நானும் ஒரு காலத்தில் அடித்தவள்தான். அடித்த அன்று வகுப்பு அமைதியாக இருக்கும், மறுநாள் இரண்டு வாங்கு வெறுமையாக இருக்கும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே: ஆறாம் தரத்தில் ஒரு வகுப்பைப் பொறுப்பேற்கும் ஆசிரியர் ஒன்பதாம் தரம் முடியும்வரை அதே பிள்ளைகளோடு செல்ல ஒழுங்கு செய்யுங்கள், அந்த நான்கு ஆண்டுகளுக்கும் அவருடைய இடமாற்றத்தை, அவர் சம்மதித்தால், நிறுத்தி வையுங்கள். இதற்குப் புதிய கட்டடமோ நன்கொடையோ தேவையில்லை. பட்டியலில் எழுதும் பெயருக்குப் பின்னால் எந்த வயல், எந்தக் கடன், எந்தத் தாய் வெளிநாட்டில் என்பது அப்படி இருப்பவருக்குத்தான் தெரியவரும்.

வெடிக் கணக்கு எழுதிய பையன் இப்போது எட்டாம் தரத்தில் இருக்கிறான். அடுத்த ஆண்டும் அவனுடைய வகுப்பை எனக்கே தருமாறு அதிபரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன், அவர் சம்மதித்துவிட்டார். எனது இடமாற்றக் கோவை மட்டும் உங்கள் பணிமனையில் இருக்கிறது. அதை இன்னும் ஓராண்டு திறக்காமல் வைத்திருக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
இடைநிலைப் பிரிவு ஆசிரியை ஒருத்தி