வயிறு பார்க்கும் மதுரை டாக்டர்களுக்கு ஒரு லேப் டெக்னீஷியனின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களே,

உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் நோயாளி, "சார், எனக்கு லீக்கி கட் இருக்குமோ?" என்று, அதாவது குடல் சுவர் கசிகிறதோ என்று கேட்டால் தயவுசெய்து சிரிக்காதீர்கள். "யூடியூப் பாக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடாதீர்கள். அப்படி அனுப்பப்படுகிறவர் வீட்டுக்குப் போவதில்லை. ஃபங்ஷனல் மெடிசின் (நோயின் மூலக்காரணத்தைத் தேடி உணவையும் வாழ்க்கை முறையையும் மாற்றச் சொல்லும் முறை) என்று போர்டு மாட்டிய இடத்துக்குப் போகிறார். அங்கிருந்து ஒரு நீளமான சீட்டோடு எங்களிடம் வருகிறார். அவருக்கு ரத்தம் எடுப்பது நான்.

பைபாஸ் ரோடு பக்கம் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். மஞ்சள் மூடி டியூபில் ரத்தம் எடுத்து, உறையவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தேங்கும் சீரத்தைப் பிரித்து, ஐஸ் பேக்கோடு டப்பாவில் அடைத்துச் சாயங்காலக் கூரியரில் வெளியூருக்கு அனுப்புவோம். உணவு ஒவ்வாமைப் பேனல், குடல் கசிவைக் காட்டும் என்று விற்கப்படும் சோனுலின் புரதச் சோதனை இரண்டும் இப்படித்தான் போகும். ரிப்போர்ட் வந்ததும் கலர் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுப்பதும் நான்தான். அதற்கு விளக்கம் சொல்லத்தான் எனக்கு அனுமதி கிடையாது. "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பதோடு என் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதனால்தான் இந்த மடல். முதலாளி கண்ணில் பட்டால் என்ன சொல்வாரோ, அது வேறு கதை.

அந்த உணவுப் பேனல் ரிப்போர்ட்டை நீங்கள் பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறீர்களா? சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பட்டை பட்டையாக இருக்கும். அவகாடோ பச்சை, ப்ளூபெர்ரி பச்சை, சால்மன் மீன் பச்சை. வாங்குகிறவர் வாழ்நாளில் அதையெல்லாம் வாயில் வைத்திருக்க மாட்டார். அரிசி, பால், துவரம்பருப்பு, முட்டை, கோதுமை சிவப்பு. போன மாதம் ஒரு பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது: "ஏம்மா, சோறே செவப்புல கெடக்கு. இம்புட்டையும் விட்டா நான் என்னத்தத்தான் திங்கிறது?"

நியாயமான கேள்வி. அந்தப் பேனல் அளப்பது ஐ.ஜி.ஜி. எதிர்ப்புப் புரதத்தை. நாம் அடிக்கடி சாப்பிடும் பொருளுக்கு எதிராக அது உடம்பில் இருப்பது இயல்பு. பெரும்பாலும் அதைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம் என்பதற்கான அடையாளம் அது. அந்தப் பொருள் ஆகாது என்பதற்குச் சான்று அல்ல. ஐரோப்பிய ஒவ்வாமை நிபுணர்களின் சங்கம் 2008-லேயே இந்தப் பரிசோதனையை உணவு ஒவ்வாமைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கனடா சங்கமும் 2012-இல் அதையே சொன்னது. உங்களுக்கு இது தெரியும். அந்தப் பெரியம்மாவுக்குத் தமிழில் சொன்னவர் யார்?

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் முக்கியமாக எழுதுகிறேன். வில்லாபுரத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். "வகுறு எந்நேரமும் பொம்முன்னு இருக்கு" என்று வருடக்கணக்கில் கேஸ் மாத்திரையில் ஓட்டியவர். ஸ்கேன் நார்மல், எண்டோஸ்கோப்பியில் லேசான புண். "ஒண்ணுமில்ல, டென்ஷன் ஆகாதீங்க" என்று உங்களில் ஒருவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்புறம் ஃபங்ஷனல் மெடிசின். அங்கே குடல் ஓட்டை என்று சொல்லி முதலில் நிறுத்தச் சொன்னது கோதுமையை, அடுத்தது பாலை. பல மாதம் கழித்து, எடை குறைந்து, ரத்தமும் குறைந்து, வேறொரு டாக்டர் எழுதிய சீட்டோடு டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. பரிசோதனைக்கு வந்தார். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் சேதமாகும் சீலியாக் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. சப்பாத்தி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். "அத விட்டு எம்புட்டோ நாளாச்சும்மா."

மிச்சத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோதுமையை நிறுத்திவிட்டால் அந்த எதிர்ப்புப் புரதம் மெல்ல இறங்கிவிடும். நோய் இருந்தாலும் ரிப்போர்ட் நெகட்டிவ் என்று வரலாம். பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை உணவு சாப்பிட வேண்டும் என்பது இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு சொல்வது. அந்த அக்காவின் ரிப்போர்ட் நெகட்டிவ். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியாது, அந்த டாக்டருக்கும் தெரிந்திருக்காது. முதல் தடவை வயிறு உப்புசம் என்று வந்த அன்றே அந்த ஒரு சோதனையை எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

தென்னிந்தியாவில் சீலியாக் அரிது, எல்லோருக்கும் எழுத முடியுமா என்று கேட்பீர்கள். சரிதான். 2016-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் வட இந்தியாவில் 1.23 சதவீதம், இங்கே 0.10 சதவீதம். ஆயிரத்தில் ஒருவர். ஆனால் இதே கணக்கை ஃபங்ஷனல் மெடிசின் பக்கமும் சொல்ல வேண்டுமே. ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் நோயைக் காட்டி எல்லாரையும் கோதுமையை விடச் சொல்வது எந்த ஊர் நியாயம்? (சுகர் வந்தவுடன் ராத்திரிக்குச் சப்பாத்தி சாப்பிடு என்று மதுரைக்காரனுக்குச் சொன்னது உங்கள் தரப்புதான். அதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.)

கோதுமையை விட்டதும் வயிறு லேசாகிவிட்டது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. 2018-இல் நார்வேயில் ஓர் ஆய்வு. குளூட்டன் ஆகாது என்று தாங்களே ஒதுக்கி வாழ்ந்த 59 பேருக்கு, எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் குளூட்டன் கலந்த தின்பண்டம், ஃப்ரக்டான் (சிறுகுடலில் செரிக்காத ஒரு வகை நார்ச்சத்து) கலந்தது, ஒன்றுமே கலக்காதது என மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அதிகம் தொந்தரவு தந்தது ஃப்ரக்டான். குளூட்டனுக்கும் ஒன்றும் கலக்காததற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஃப்ரக்டான் கோதுமையில் இருக்கிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் இன்னும் தாராளமாக இருக்கிறது. சின்ன வெங்காயம் இல்லாமல் நம் ஊரில் எந்தக் குழம்பு கொதிக்கிறது? இதை ஒரு டயட்டீஷியன் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினால் பாதிப் பேர் எங்கள் லேபுக்கே வர வேண்டியிருக்காது.

அடுத்து, குடல் கசிவு என்பதே கட்டுக்கதை என்று நீங்கள் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். குடலின் உட்சுவர் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. அந்தச் செல்களுக்கு இடையிலான இணைப்புகள் தளர்வதும் இறுகுவதும் அளந்து பார்க்கப்பட்ட விஷயம். குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர்களின் நலமாக இருக்கும் உறவினர்களில் இந்தக் கசிவு கூடுதலாக இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் அந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2020-இல் ஓர் ஆய்வு காட்டியது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் கசிவைக் கூட்டும். சாராயமும் கூட்டும். "மேல் வலிக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்று சீட்டே இல்லாமல் மெடிக்கலில் வாங்கி விழுங்கும் ஊரில் இருந்துகொண்டு, லீக்கி கட் இருக்குமோ என்று கேட்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தானே? ஃபங்ஷனல் மெடிசின் பாரத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது, பார்த்திருக்கிறேன். உங்கள் ஓ.பி. சீட்டில் அதற்கு இடமே இல்லை.

இன்னொன்று. குடல் கசிவை நிஜமாகவே அளந்த ஊர் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது, வேலூர். 2009-இல் எட்டு நாடுகளில் தொடங்கிய மால்-எட் ஆய்வில் வேலூரின் ஏழைக் குடியிருப்புக் குழந்தைகளும் இருந்தார்கள். லாக்டுலோஸ், மானிட்டால் என்று இரண்டு சர்க்கரைகளைக் குடிக்கக் கொடுத்து, சிறுநீரைச் சேர்த்து, எது எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்த்தார்கள். (மலச்சிக்கலுக்கு மெடிக்கலில் பாட்டிலில் வாங்குகிறோமே, அதே லாக்டுலோஸ்தான்.) அசுத்தத் தண்ணீர், திரும்பத் திரும்ப வரும் கிருமித் தொற்று, அதனால் சேதமாகும் குடல். அதற்கும் குழந்தைகள் குட்டையாகவே நின்றுவிடுவதற்கும் தொடர்பு உண்டா என்பதுதான் அவர்களின் கேள்வி. ஆக, இங்கே இந்த விஷயத்தில் அந்த ஆராய்ச்சி தேடிப் போனது குழாயடியில் குடத்தோடு நிற்கும் வீட்டுப் பிள்ளைகளை. கே.கே. நகரில் ஃபங்ஷனல் மெடிசின்காரர்கள் பேக்கேஜ் விற்பது வேறு ஆட்களுக்கு.

அந்தச் சர்க்கரைச் சோதனையைக்கூட பேக்கேஜ்காரர்கள் எழுதுவதில்லை. சிறுநீரை மணிக்கணக்கில் சேர்ப்பது பெரும்பாடு. ஒரு டியூப் ரத்தத்தில் சோனுலின் என்றால் சுலபம். சோனுலினைக் கண்டறிந்து 2000-இல் அறிவித்தவர் அலெசியோ ஃபசானோ. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் சந்தையில் விற்கும் கிட்கள் அளப்பது சோனுலினே அல்ல, வேறு புரதங்கள் என்று 2018-இலும் 2019-இலும் ஆய்வுகள் வந்தன. மரபணு அமைப்பின்படி சோனுலின் சுரக்கவே வழியில்லாதவர்களின் ரத்தத்திலும் அந்தக் கிட் ஓர் அளவைக் காட்டியிருக்கிறது! கசிவை இறுக்க வந்த லாராசோடைடு என்ற மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனையும் 2022-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. கிட் காட்டும் அந்த அளவைப் பார்த்துவிட்டு ஒரு மனிதரை மாதக்கணக்கில் சோறு, பால், பருப்பு இல்லாமல் உட்கார வைப்பதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

ஃபங்ஷனல் மெடிசின்காரர்கள் தரப்பில் சொல்ல ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. வயிற்றுத் தொற்றுக்குப் பிறகு பேதியோடு தொடரும் ஐ.பி.எஸ். என்ற குடல் உபாதையில், கசிவு இருப்பதை அளந்து உறுதி செய்த 106 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 8 வாரம் குளூட்டமின் என்ற அமினோ அமிலப் பொடியைக் கொடுத்த அமெரிக்க ஆய்வில் நல்ல பலன் கிடைத்தது. ஒரே ஒரு ஆய்வு, சின்ன ஆய்வு. இங்கே அதே பொடியை யாருக்கும் எதையும் அளக்காமல் டப்பா டப்பாவாக விற்கிறார்கள். ஃபங்ஷனல் மெடிசினுக்கென்று அமெரிக்காவில் 1991-இல் நிறுவனம் தொடங்கினார்கள். கிளீவ்லண்ட் கிளினிக்கே 2014-இல் தனி மையம் திறந்தது. அந்த மையத்தைப் பற்றி 2019-இல் வந்த ஆய்வில், ஆறாவது மாதத்தில் அங்கே போனவர்கள் சாதாரணக் குடும்ப மருத்துவரிடம் போனவர்களைவிடக் கொஞ்சம் மேலாக உணர்ந்தார்கள். பன்னிரண்டாவது மாதத்தில் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நோயாளிகளைக் குலுக்கிப் போட்டுப் பிரித்த ஆய்வும் அல்ல அது.

என்னைக் கேட்டால், அங்கே ஜனங்கள் காசு கொடுப்பது நேரத்துக்கு. என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், வீட்டில் யாரோடு சண்டை என்று முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார்கள். உங்களிடம் அது இல்லை, வெளியே அறுபது டோக்கன் காத்திருக்கிறது, தெரியும். முக்கால் மணி நேரம் கேட்கவில்லை. மூன்று வரி கேட்கிறேன்.

ஓ.பி. சுவரில் தமிழில் ஒரு தாளை ஒட்டுங்கள். உணவு ஐ.ஜி.ஜி. பேனலும் சோனுலினும் எதையும் நிரூபிக்காது என்று உங்கள் கையெழுத்தோடு எழுதுங்கள். எடை குறைவது, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் பேதி இவை இருந்தால் டயட்டில் இறங்காமல் உடனே வரச் சொல்லுங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் சிறப்புப் பட்டங்களில் ஃபங்ஷனல் மெடிசின் என்று ஒன்று கிடையாது என்பதையும் ஒரு வரி சேர்த்தால் நல்லது. பெரியாஸ்பத்திரி முதல் தெருமுனை கிளினிக் வரை ஒரே தாளாக இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் டி.டி.ஜி. எழுதும்போது சீட்டின் அடியிலேயே "ரத்தம் கொடுக்கும் வரை கோதுமையை நிறுத்த வேண்டாம்" என்று தமிழில் எழுதிவிடுங்கள். படிக்கத் தெரியாதவர் வந்தால் கவுண்டரில் நாங்களே வாசித்துச் சொல்கிறோம். டாக்டர் எழுதியதை வாசிப்பதற்கு எங்களுக்கு அனுமதி உண்டு.

இப்படிக்கு,
ரத்தம் எடுக்கும் ஒருத்தி,
மதுரை