மண்ணைத் தொடக் கூச்சமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் சமூகத் தோட்டங்கள் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: 'பட்டம் வாங்கிய பிள்ளைகள் மண்ணைத் தொடக் கூசுகிறார்கள்.' எந்தப் பிள்ளையைக் கேட்டு எழுதினாராம்?

என் மகள் பி.எஸ்சி. தாவரவியல். வேலை கிடைக்காமல், அல்சூரில் எங்கள் வீட்டருகே பூங்கா மூலையில் ஆரம்பித்த காய்கறித் தோட்டத்தில் சேர்ந்தாள். தென்னை நார்க்கழிவோடு மண்புழு உரம் கலந்து பாத்தி போட்டது, தக்காளிக்குக் குச்சி ஊன்றிக் கட்டியது, வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிட்டது எல்லாம் அவளும் கூடப் படித்த பிள்ளைகளும்தான். நகக்கண்ணில் ஏறிய செம்மண் சோப்பு போட்டாலும் போகாது. தோட்டம் நடத்துகிறவர்களிடம் சம்பளம் கேட்டபோது, "இது சேவைம்மா, சான்றிதழ் தர்றோம்" என்றார்கள். தந்தார்கள், பெயரில் எழுத்துப்பிழையோடு. அந்தத் தோட்டத்துக் கீரை எதிர் அபார்ட்மென்ட்டில் 'ஆர்கானிக்' என்று கட்டு நாற்பது ரூபாய்க்குப் போயிற்று.

யுவநிதித் திட்டத்தில் வேலையில்லாத பட்டதாரிக்குக் கர்நாடக அரசு மாதம் 3,000 ரூபாய் தருகிறது, அதுவும் அதிகபட்சம் இரண்டு வருடம். ஆக, சும்மா இருந்தால் மூவாயிரம், மண்வெட்டி பிடித்தால் சான்றிதழ்!

அப்புறம் 2024 மார்ச். தோட்டத்துக்குக் குடிநீரைப் பாய்ச்சினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்தது. பஞ்ச காலம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மாற்றுத் தண்ணீருக்கு யாரும் வழி செய்யாமல் பாத்திகள் கருகிப் போனபோது, திறப்பு விழாவுக்கு வந்த கேமராக்களில் ஒன்றையும் காணோம். உங்கள் பத்திரிகையின் கேமராவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்போது நான் எழுதிய கடிதத்துக்கும் இடமில்லை. அந்த வாரம் ஒரு நடிகையின் மாடித்தோட்டத்துக்கு முழுப் பக்கம் இருந்தது, சந்தோஷம்.

ஹைதர் அலி 1760இல் இங்கே லால்பாக் பூங்காவைத் தொடங்கியதும், தமிழ்ப் பக்கமிருந்து வந்த திகளர் சமூகத்தார் இங்கே தலைமுறை தலைமுறையாகத் தோட்ட வேலை செய்ததும், இன்றும் பெங்களூரு கரகத் திருவிழாவில் அவர்கள்தான் கரகம் எடுக்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. கட்டுரையாளருக்கும் யாராவது சொல்லியிருக்கலாம்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. இனி 'தோட்டப் பணிக்குப் பட்டதாரிகள் தேவை' என்று விளம்பரம் வந்தால், சம்பளம் எவ்வளவு என்று கேட்டு அதையும் சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் 'சம்பளம் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
அல்சூர், பெங்களூரு